புது கேபிள்

"இன்னிக்கும் வண்டி கிடையாதா?"

ஒர்க்‌ஷாப் வாசலில் கால் வைக்கும்போதே அவர் குரல் உயர்ந்துவிட்டது.

"கேபிள் இன்னும் படியல மாமா," என்றான் மச்சான், குனிந்த தலை நிமிராமல். வேறு யாருடைய வண்டியிலோ சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"ஊர்ல இருக்கிறவன் வண்டியெல்லாம் உடனே பார்க்கிறே. அக்கா புருஷன் வண்டின்னா மட்டும் இளக்காரம்!"

அவருடைய கோபத்தில் நியாயம் இருந்தது. சனிக்கிழமை காலையில் மோட்டார் சைக்கிள் குழு கிளம்புகிறது. மலை ஏறி, மறுபக்கம் இறங்கி, கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பும் நீண்ட பயணம்.

போன பயணத்துக்கு எல்லாம் தயாராக இருந்தபோதுதான் குளியலறையில் வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். இந்தத் தடவையும் விட்டால் அவ்வளவுதான். 'அவருக்கு வயசாயிடுச்சுப்பா' என்று அவர் இடத்தில் வேறு ஆளைச் சேர்த்துவிடுவார்கள். அந்தப் பயம் அவரை ஓர் இடத்தில் உட்காரவிடவில்லை.

வீட்டு ஹாலில் பையைக் கட்டுவார், அவிழ்ப்பார், மறுபடி கட்டுவார். மழைக்கோட்டு மேலே இருக்க வேண்டுமா கீழே இருக்க வேண்டுமா என்று மனைவியிடம் மல்லுக்கு நிற்பார். ஒருநாள் ஹெல்மெட்டோடு உட்கார்ந்து டிவி பார்த்தார்.

எல்லாம் தயார். வண்டிதான் இல்லை.

கையில் கட்டுப் பிரித்த மறுநாளே வண்டியை எடுத்தவர், தெருமுனையிலிருந்து திரும்பி வந்துவிட்டார். "கிளட்ச் கல்லு மாதிரி இருக்கு. சும்மாவே நின்ன வண்டி. கேபிள் துருப்பிடிச்சிருக்கும்" என்று தானே கண்டுபிடித்து, தானே கடைக்குப் போய்ப் புது கேபிள் வாங்கி, வண்டியோடு மச்சானிடம் ஒப்படைத்தார்.

அன்று தொடங்கிய இழுபறி இது.

"புது கேபிள் மாமா. இழுத்து இழுத்து விட்டாத்தான் படியும். சும்மாதானே நிக்கிறீங்க, ஏறி உட்கார்ந்து கிளட்சைப் பிடிச்சு விடுங்க."

"உன் வேலையையும் நானே செய்யணுமா?"

"வண்டி உங்களோடதுதானே?"

பல்லைக் கடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். ஸ்டாண்டு போட்ட வண்டியில், எங்கேயும் போகாமல், கிளட்சைப் பிடித்துப் பிடித்து விட்டார்.

"படக்குனு விடாதீங்க மாமா. முழுசா இழுங்க. கொஞ்சம் பிடிச்சிருந்துட்டு மெதுவா விடுங்க."

"எல்லாம் எனக்குத் தெரியும்!"

தினமும் இதே கூத்துதான். அவர் காலையில் ஒரு தடவை வருவார், சாயங்காலம் ஒரு தடவை வருவார். சத்தம் போடுவார், உட்கார்ந்து இழுப்பார், முணுமுணுத்துக்கொண்டே போவார். ஓட்டிப் பார்க்கிறேன் என்றால் மச்சான் சாவியைத் தர மாட்டான். வண்டி விட வந்தவர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்துச் சிரித்தார்கள். இப்படி ஒரு சோம்பேறி மெக்கானிக்கை அவர்களும் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் மச்சான் வாய் திறந்தான்.

"இந்தாங்க சாவி. கடைத்தெரு நெரிசல்ல ஒரு சுத்து சுத்திட்டு வாங்க."

போனவர், முகமெல்லாம் பல்லாகத் திரும்பி வந்தார். "வெண்ணெய் மாதிரி இருக்கு! நான்தான் அப்பவே சொன்னேனே, கோளாறு கேபிள்லதான்னு!"

"ஆமா மாமா. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

சனிக்கிழமை காலை, குழுவே அவரை அழைத்துப் போக ஒர்க்‌ஷாப் வாசலுக்கு வந்துவிட்டது. மனைவியும் வழியனுப்ப வந்திருந்தாள். பையைக் கட்டி முடித்தவருக்கு, இத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது பொங்கிக்கொண்டு வந்தது.

"ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கங்க. அவசரம்னா என் மச்சான்கிட்ட மட்டும் வண்டியை விட்டுடாதீங்க. ஒரு கேபிள் மாட்டுறதுக்குள்ள உங்களுக்கு நரைச்சுடும்!"

வாசலே சிரித்தது. மச்சானும் கூடவே சிரித்துக்கொண்டு, பையின் கயிற்றை ஒரு தடவை இழுத்துப் பார்த்தான்.

"போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுங்க மாமா."

"நீ உன் வேலையைப் பாரு!"

கிளட்சைப் பிடித்து, கியரைப் போட்டு, கூட்டத்தோடு கூட்டமாகப் பறந்துவிட்டார்.

அக்காவுக்கு ஆற்றாமை தாங்கவில்லை.

"அத்தனை பேர் முன்னாடி அவர் அப்படிப் பேசினது தப்புதான். நீயும்தான் ஏண்டா இப்படி இழுத்தடிச்சே?"

அவன் கையைத் துடைத்துக்கொண்டான். அக்காவே தொடர்ந்தாள்.

"எனக்கு அதைவிட அவர் கையை நினைச்சாத்தான் பயமா இருக்கு. தினமும் அமுக்கச் சொல்லி டாக்டர் ரப்பர் பந்து கொடுத்தார். நான் என்ன சின்னப் பிள்ளையான்னு தூக்கி எறிஞ்சுட்டார். அந்தக் கையை வச்சுக்கிட்டு அத்தனை தூரம்..."

"இனி பயமில்லக்கா," என்ற தம்பி, மேஜை டிராயரைத் திறந்து எதையோ எடுத்து அவளிடம் நீட்டினான்.

உறை பிரிக்காத கிளட்ச் கேபிள்.

"இது?"

"மாமா வாங்கிக் கொடுத்தது."

"அப்போ வண்டியில இருக்கிறது?"

"பழசேதான். அதுல ஒரு கோளாறும் இல்ல. கையிலதான் பலமில்லைன்னு சொன்னா அவர் ஒத்துப்பாராக்கா? அதான், பழி வண்டி மேலயும் என் மேலயும் இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."