பனியன் துணியில் ஒரு கோட்டு

"நடிக்கிறதுன்னா என்னுங்க தங்கவேலு? ஊரை ஏமாத்தறது. அதுக்கெல்லாம் நான் லீவு குடுக்க மாட்டேனுங்க. வியாழக்கிழமை கட்டிங் டேபிள்ல நீங்க இல்லீன்னா, வெள்ளிக்கிழமை வேற கம்பெனி பாத்துக்கங்க."

எங்கள் பனியன் கம்பெனி முதலாளி சாமியப்பனுக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். வேலையை விட்டுத் துரத்துவதைக்கூட 'ங்க' போட்டுத்தான் துரத்துவார். அந்த வகையில் தங்கமான மனுஷன்.

தங்கவேலு எங்கள் கட்டிங் மாஸ்டர். சினிமாக் கிறுக்கு. கொமரலிங்கம் பக்கம் எந்தப் படத்துக்கு ஷூட்டிங் நடந்தாலும் ஓடிப்போய்க் கும்பலில் நிற்பான். ஒரு படத்தில் பிணமாகக்கூடப் படுத்திருக்கிறான். இப்போதுதான் முதல்முறையாக வசனம் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். தபால்காரர் வேஷம், ரெண்டே வரி. அந்த ரெண்டு வரியை அவன் சொல்லிச் சொல்லி எங்களுக்கெல்லாம் மனப்பாடம் ஆகியிருந்தது.

மறுநாள் காலையில் முதலாளி ரூமிலிருந்து குரல் வந்தது.

"தங்கவேலு... கண்ணு, கொஞ்சம் இங்க வா."

மரியாதை குறைந்துவிட்டது. அப்படியென்றால் முதலாளிக்குக் காரியம் ஆக வேண்டும்.

விஷயம் இதுதான். அதே வியாழக்கிழமை, எங்கள் பனியனை வாங்கும் வெளிநாட்டுப் பையர் வருகிறார். தொண்ணூறுகளில் அவர்களுக்குப் புதுசாக ஒரு பழக்கம். பனியன் நன்றாக இருந்தால் போதாதாம், தைக்கிறவர்களும் நன்றாக இருக்க வேண்டுமாம். 'கம்பெனியில் டாக்டர் உண்டா?' என்று கேட்டிருந்தார்கள். 'உண்டு' என்று முதலாளி ஃபேக்ஸ் அடித்துவிட்டார்.

"நீதான் டாக்டர். யாரைக் காட்டுனாலும் 'எல்லாரும் நல்லா இருக்காங்க'ன்னு சொல்லிட்டு உக்காந்துக்க. வேற ஒரு வார்த்தை பேசப்படாது."

தங்கவேலு வாயைத் திறப்பதற்குள் செக்கிங் மூக்கம்மாள் உள்ளே வந்தாள். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். ஏழு மாசம். ஒன்றரை ஷிப்ட், பன்னிரண்டு மணி நேரமும் நின்றுகொண்டேதான் தைத்து வந்த பீஸ்களில் குறை பார்க்க வேண்டும்.

"மொதலாளி, காலு ரெண்டும் வீங்கிப் போச்சுய்யா. லீவு குடுங்க. இல்லாட்டி உக்காந்து பாக்கவாச்சும் விடுங்க."

"ஏனுங்கம்மா, நின்னு வேலை செஞ்சாத்தானுங்க சுகப்பிரசவம் ஆகும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். லீவுல போனீங்கன்னா திரும்பி வர வேண்டாமுங்க."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். தங்கவேலு முதலாளியைப் பார்த்தான்.

"சரிங்க, டாக்டரா நடிக்கறேனுங்க."

வாசலில் நின்ற எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"ஏண்டா, வசனம் பேசற சான்ஸை விட்டுட்டு இந்த ஆளுக்கு ஜால்ரா போடறயே, வெக்கமா இல்ல?"

"அங்க தபால்காரன், இங்க டாக்டர். பிரமோஷன்தானப்பா" என்று இளித்தான். அன்றைக்கு யாரும் அவனோடு டீ குடிக்கப் போகவில்லை.

வியாழக்கிழமை கம்பெனியை எங்களுக்கே அடையாளம் தெரியவில்லை. தரை பளபளவென்று இருந்தது. எல்லார் மூக்கிலும் துணி. ஊதுபத்தியும் விபூதியும் இருந்த முதலுதவிப் பெட்டியில் நிஜமான பஞ்சு. ரிஜெக்ட் பனியன் துணியில் தைத்த வெள்ளைக் கோட்டில், நாடகக்காரர்களிடம் வாடகைக்கு எடுத்த ஸ்டெதாஸ்கோப்பை மாட்டிக்கொண்டு டாக்டர் தங்கவேலு. பொத்தான் போட்டால் கோட்டு ரப்பர் மாதிரி இழுத்துக்கொண்டது.

பையர் சுற்றிப் பார்த்தார். கூட வந்த மெட்ராஸ் ஏஜென்ட் மொழிபெயர்த்தார்.

"டாக்டர் யாரையாவது செக் பண்ணிக் காட்டணுமாம்."

முதலாளி அவசரமாக அயர்ன் மாஸ்டர் அய்யாசாமியைத் தள்ளிவிட்டார். ஆள் தேக்குமரம்.

"அவரை நேத்தே பாத்துட்டேன். அந்தம்மா வரட்டும்" என்றான் தங்கவேலு.

மூக்கம்மாள் தயங்கித் தயங்கி வந்து உட்கார்ந்தாள். நாடி பிடித்தான். காலை அழுத்திப் பார்த்தான். அழுத்திய இடம் குழியாகவே நின்றது.

"இனி நிக்கவே கூடாதும்மா. இன்னையிலிருந்து லீவு. கொழந்தை பொறந்து மூணு மாசம் கழிச்சு வந்தாப் போதும். சம்பளம் மாசாமாசம் ஊட்டுக்கே வந்துரும்."

பிறகு நிதானமாகத் திரும்பினான்.

"நம்ம கம்பெனில மாசமா இருக்கறவங்களுக்கெல்லாம் இதுதானுங்களே வழக்கம், மொதலாளி?"

ஏஜென்ட் அதையும் மொழிபெயர்த்தார். பையர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி எங்களைப் பார்த்தார். நாங்கள் மூக்குத் துணிக்குள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றோம்.

"ஆ... ஆமாங்க. அந்த வழக்கத்தைக் கொண்டு வந்ததே நான்தானுங்க!"

பையர் நெகிழ்ந்துபோய் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அடுத்த முறை வரும்போது அம்மாவையும் குழந்தையையும் பார்க்க வேண்டும் என்றார். இந்த நிலைமையில் டவுன் பஸ் வேண்டாமே என்றார். மூக்கம்மாள் முதலாளியின் காரில் வீட்டுக்குப் போனாள்.

ஆர்டர் கிடைத்தது. பையர் கிளம்பியதும் முதலாளி வந்தார்.

"ரொம்ப நல்லா நடிக்கறீங்க தங்கவேலு. உங்களை அனுப்பவும் முடியலீங்களே, அடுத்த தடவையும் அவன் டாக்டரைக் கேப்பானுங்களே!"

அவர் போன பிறகு, கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்த தங்கவேலுவிடம் மெதுவாகக் கேட்டேன்.

"ரெண்டு வரி போச்சேடா. வருத்தமா இல்லையா?"

"இல்லாம இருக்குமா? வயிறு எரியுது. ஆனா, சினிமாவுல டாக்டர் லீவு குடுத்தா ஒருத்தன் 'கட்'னு கத்துவானப்பா. அந்தம்மா எந்திரிச்சுப் போயி மறுபடியும் நிக்கோணும். இங்க, கட் சொல்ல வேண்டியவரே கார்க்கதவைத் தொறந்து விட்டாரே!"