திராட்சைத் தோட்டத்துக்கு வெளியே

மேஸ்திரி லாரியின் ஹாரனை விடாமல் அழுத்த, டெலானோ ஊரின் சாலையோரம் அதிர்கிறது. வேலைநிறுத்தக்காரர்களின் குரல் தோட்டத்துக்குள் கேட்கக் கூடாது என்பது அவன் எண்ணம். உள்ளே காலெடுத்து வைத்தால் போலீஸ் பிடிக்கும். அதனால் எவுலாலியா சாலையில் நின்றபடியே, பழம் பறிப்பவர்களை ஒலிபெருக்கியில் பெயர் சொல்லி அழைக்கிறாள். அவர்கள் வெளியே வராவிட்டால் போராட்டம் படுத்துவிடும். இலைகளில் படிந்த கந்தகத் தூள் காலை வெயிலில் மஞ்சளாக மின்னுகிறது. அருகிலிருக்கும் வரிசையில் ஒருத்தி துணியால் முகத்தை மூடிக்கொண்டு குனிந்திருக்கிறாள். அவளது இடது தோள் சற்றே இறங்கியிருக்கிறது. எவுலாலியாவின் கை தாழ்கிறது. அது ரெஃபுகியோ. அவள் மகனை ஞானஸ்நானத்தில் ஏந்தியவள் எவுலாலியா. அன்றிலிருந்து இருவரும் ஒருவருக்கொருவர் கோமாத்ரே, ஒரே பிள்ளைக்கு இரு தாய்கள்.

"என்னடி, வாயடைச்சுப் போச்சா? பேரைச் சொல்லு" என்கிறாள் பக்கத்தில் கொடி பிடித்திருப்பவள்.

எவுலாலியா ஒலிபெருக்கியைக் கீழே வைக்கிறாள். ஹாரன் ஓய்ந்த இடைவெளியில் வெறும் குரலில் கூப்பிடுகிறாள்.

"கோமாத்ரே, வெளிய வந்துடு. புள்ளைக்கு என் வீட்டுல சாப்பாடு இருக்கு."

கொத்தை அறுத்துக்கொண்டிருந்த கத்தி நிற்கிறது. ரெஃபுகியோ முகத்துத் துணியை விலக்காமலே சொல்கிறாள்.

"நேத்து அவனைத் தூக்கிக்கிட்டு அங்கதான் வந்தேன், கோமாத்ரே. கதவு பூட்டியிருந்துச்சு. நீ போராட்டக் கூட்டத்துக்குப் போயிருந்தே."