புது மவுஸ்

அவர் வலது கையைத் துண்டுக்குள் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டார்.

மேசை மேல் புது மவுஸ். அட்டைப்பெட்டி வாசனை இன்னும் போகவில்லை.

"மாட்டிட்டீங்களாப்பா?" செல்போன் ஸ்பீக்கரில் மகன். பூனாவிலிருந்து.

"மாட்டிட்டேன்."

திரையில் அம்பு தானாக நகர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அது அவன் கை. அங்கே உட்கார்ந்தபடியே இந்த வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் வந்து, சேர்ந்த குப்பையைக் கூட்டி, கரண்ட் பில் கட்டிவிட்டுப் போவான். அதுவரை அவர் விருந்தாளி மாதிரி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பிள்ளை வேலை செய்யும்போது தொடக்கூடாது என்பது அவராக வைத்துக்கொண்ட மரியாதை.

போன வாரம் மறந்துபோய்த் தொட்டுவிட்டார்.

அம்பு வெடவெடவென்று ஆடியது. பூனாவில் அவனும் பார்த்தான்.

மவுஸ் கெட்டுப்போய்விட்டது என்றான். ஆமாம் என்றார். போன உயிர் திரும்பி வந்தது.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எது ஆடினாலும் கோளாறு பொருளில்தான். ஆர்டர் போட்டால் சரியாகிவிடும். அவர் காலத்தில் என்றால் முதலில் தட்டிப் பார்ப்பார்கள். பிறகு பிரித்துப் போட்டு, எங்கே ஆடுகிறது என்று தேடுவார்கள்.

நல்லவேளை, இவன் அந்தக் காலத்தில் பிறக்கவில்லை.

வலது கை நடுக்கம் டாக்டருக்குத் தெரியும். மனைவிக்குத் தெரியும். சட்டைப் பித்தானை அவள்தான் போட்டுவிடுகிறாள். எதுவும் பேசாமல் டம்ளரில் பாதி காபிதான் ஊற்றுகிறாள். வீடியோ காலில் அவர் முகம் மட்டும் தெரிகிற மாதிரி போனைப் பிடித்துக்கொள்கிறாள்.

அவனுக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் புதிதாகக் கிடைத்த ஜெர்மனி வேலையை உதறிவிட்டு இங்கே வந்து நிற்பான். அப்படிப்பட்ட பிள்ளை. அதுதான் பயம்.

அவன் விமானம் ஏறிவிடட்டும். அதுவரைக்கும்தான்.

"நான் விட்டுட்டேன். இப்ப நீங்க நகர்த்துங்க."



இடது கையை எடுத்து மவுஸின் மேல் வைத்தார். அது இன்னும் நல்ல கை.

அம்பு நகர்ந்தது. மெதுவாக, கொஞ்சம் கோணலாக. ஆனால் ஆடவில்லை.

"பாத்தீங்களா! நான்தான் சொன்னேன்ல, மவுஸ்தான்னு!"

அடுக்களை வாசலில் நின்றிருந்த மனைவி பெருமூச்சு விட்டாள். அவருக்குச் சிரிப்புக்கூட வந்தது.

"ஸ்கிரீன்ல முன்னாடியே என் ஜெர்மனி டிக்கெட்ட போட்டு வச்சிருக்கேன். அதத் திறந்து தேதி பாத்துக்குங்க."

அம்பை டிக்கெட்டின் மேல் கொண்டுபோய் நிறுத்தினார். ஆள்காட்டி விரலால் அழுத்தினார்.

டிக்கெட் திறக்கவில்லை. பக்கத்தில் ஒரு பட்டியல் விரிந்தது. ஓப்பன், காப்பி, டெலிட்.

மறுபடி அழுத்தினார். மறுபடி அதே பட்டியல்.

இடது கையால் பிடித்தால் ஆள்காட்டி விரல் வலப்பக்கப் பொத்தானில் விழும். அவருக்கு அது தோன்றவில்லை. இன்னும் பலமாக அழுத்தினார்.

செல்போனில் சத்தமே இல்லை.

லைன் போய்விட்டதோ என்று நினைத்தார். போயிருந்தால் நன்றாக இருக்கும்.

"அப்பா... எந்தக் கைல பிடிச்சிருக்கீங்க?"

மனைவி அவரைப் பார்த்தாள்.

"சோத்துக் கைலதாம்ப்பா."

 அவர் மவுஸை விட்டுவிட்டார்.

கொஞ்ச நேரம் அம்பு அசையாமல் கிடந்தது. பிறகு தானாக நகர்ந்தது. அவசரமில்லாமல் பட்டியலில் இறங்கியது. ஓப்பனைத் தாண்டியது. காப்பியைத் தாண்டியது.

டெலிட்டின் மேல் போய் நின்றது.

அவர் பதறிப்போய் மவுஸைப் பிடித்து இழுத்தார்.

வலது கையால்.