நெட்டையைக் கொஞ்சம் பார்த்துக்கோ

தொற்று பயத்தில் மாணவர் விடுதியே காலியாகிவிட்டது. ஊருக்குப் போக வழியில்லாமல் மாட்டிக்கொண்டவர்கள் சோடாபுட்டியும் அவன் அறைத்தோழன் நெட்டையும்தான்.

மத்தியானமாகியும் போர்வைக்குள் கிடந்த சோடாபுட்டியை நெட்டையின் அம்மாவுடைய போன் எழுப்பியது.

"தம்பி, என் பையன் குரலே சரியில்லப்பா. வேண்டாத யோசனையெல்லாம் வருதாம். அவனைத் தனியா விடாதே. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதே."

சோடாபுட்டி போர்வையை உதறினான். ஒரே அறையில் இருந்தும் கவனிக்காமல் விட்டோமே!

உடனே எழுந்து குளித்தான். "பசிக்குது, வாடா" என்று நெட்டையைச் சமையலறைக்கு இழுத்துப் போனான். ஆன்லைன் வகுப்பில் பக்கத்தில் உட்கார வைத்தான். சாயங்காலம் மொட்டைமாடியில் நடக்க வைத்து, மொக்கை ஜோக்குகளாக அள்ளி விட்டான். நெட்டை சிரித்தால்தான் இவனுக்குச் சோறு இறங்கியது.

சில வாரம் கழித்து, துணி காயப்போட மாடிக்குப் போனபோது, தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் நெட்டையின் குரல் கேட்டது. போனில் அழுதுகொண்டிருந்தான். சோடாபுட்டி தொட்டியை ஒட்டி நின்று காது கொடுத்தான்.

"இல்லம்மா, சந்தோஷத்துல வர்ற அழுகை. அவன் நேரத்துக்குச் சாப்பிடறான்மா, குளிக்கறான். செத்துடலாம் போலிருக்குன்னு இப்பல்லாம் சொல்றதில்ல. டாக்டரைப் பாருடான்னு எவ்வளவு கெஞ்சினேன், கேக்கலையே! எனக்குத்தான் முடியலன்னு நீ சொன்ன பொய்தான்மா அவனை எழுப்பிச்சு."

ஈரத்துணியோடு சோடாபுட்டி எதிரில் போய் நின்றான். நெட்டைக்கு முகம் வெளுத்துவிட்டது.

"நாளைக்கு டாக்டர்கிட்ட போலாமா?" என்றான் சோடாபுட்டி. "எனக்குத்தான்டா."