குசினிக் கதவுக்குப் பின்னால்

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ. உங்களைக் குசினியை விட்டு வெளியில வரவேண்டாமெண்டு முதலாளி சொல்லச் சொன்னவர்."

சொல்லி முடிப்பதற்குள் சுபானிக்கு முகம் சிவந்துவிட்டது. அலோசியஸ் சட்டியில் திரண்ட நுரையை அகப்பையால் எடுத்துக்கொண்டே, "அதுக்கென்ன பிள்ளை, அடுப்பை விட்டிட்டு நான் எங்கை போறன்?" என்றார்.

ஜெர்மனியில், பான் நகரத்தின் அந்தச் சின்னப் பிரெஞ்சு உணவகத்தை ஹார்ட்மன் வாங்கி மூன்று மாதம்தான். அலோசியஸ் பழைய முதலாளி வைத்த சமையற்காரர். பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு படிக்கும் சுபானி, மத்தியான வேளைகளில் பரிமாற வருவாள்.

இன்று பாரிசிலிருந்து டுவால் என்ற முதியவர் வந்திருந்தார். அவருடைய சமையற் சங்கம் 'அசல் பிரெஞ்சுச் சாப்பாடு' என்று ஒரு பலகை தந்தால்தான் கடை தப்பும். சமைக்கிறவரின் கறுத்த முகத்தைக் கண்டால் அது கிடைக்காது என்று பயந்த ஹார்ட்மன், சமையற்காரரின் வெள்ளைத் தொப்பியைத் தானே போட்டுக்கொண்டார்.

டுவாலுக்கு ஜெர்மன் வராது. சுபானிதான் மொழிபெயர்த்தாள். மாட்டிறைச்சியும் கரட்டும் லீக்சும் ஐந்து மணி நேரம் மெல்லிய தீயில் வெந்த 'பொத்தோஃபே' சூப் மேசைக்குப் போனது. அரசன் வீட்டிலும் உழவன் வீட்டிலும் கொதித்தது இந்தச் சட்டிதான், புரட்சிக்கு முன்னமே எங்களை ஒரே சனமாக்கியது இதுதான் என்று பேசியபடி முதியவர் ஒரு வாய் குடித்தார். கோப்பையை வழித்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

எலும்பை எப்போது போட்டீர்கள் என்று கேட்டார். ஹார்ட்மன் குசினிக் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"இது உங்கள் கை இல்லை. சமைத்தவர் ஒரு பிரெஞ்சுக்காரர். அவரைக் கூப்பிடுங்கள்" என்றார் டுவால்.

ஹார்ட்மன் தொப்பியைக் கழற்றினார். இங்கே பிரெஞ்சுக்காரர் எவரும் இல்லை, சமைத்தவர் ஓர் இலங்கைக்காரர், பொய் சொன்னதற்கு மன்னியுங்கள் என்றார். அண்ணையின் வேலையும் இதோடு போய்விடுமோ என்று சுபானி பயந்தாள். தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தாள்.

முதியவரின் முகம் இறுகியது. "அப்படியென்றால் ஐம்பது வருடமாக என் நாக்கை நம்பியது பிழை" என்றார்.

குசினிக் கதவு திறந்தது. அலோசியஸ் கையைத் துடைத்தபடி வந்து முதியவர் முன் நின்று, தணிந்த குரலில் பேசத் தொடங்கினார். மொழிபெயர்க்க வாய் திறந்த சுபானி, அது பிரெஞ்சு என்று கண்டு மூடிக்கொண்டாள். டுவால் மெல்ல எழுந்து நின்றார்.

"என்ன சொல்கிறார்?" என்று ஹார்ட்மன் அவளைக் கேட்டார்.

"பெரியவரின் நாக்கில் பிழை இல்லையாம்" என்றாள் சுபானி. "பிரான்சில், லியோனில் இருபத்தாறு வருடம் சமைத்தாராம். மகள் இங்கே கல்யாணம் கட்டியதால்தான் பான் வந்தாராம். இன்றைக்கும் அவர் பிரெஞ்சுக் குடிமகன்தானாம்."