வேலாண்டியின் பொட்டலம்

பன்னிரண்டு வருஷமாகக் கிழவன் சங்கிலிக்குச் சமுதாயக்கூடத்து வாசல்தான் படுக்கை. வெள்ளத்தில் வீடு போனவர்களை லாரியில் கொண்டுவந்து உள்ளே இறக்கினார்கள். சோற்றுப் பொட்டலமும் அவர்களுக்கு மட்டும்தானாம்.

"உமக்கு எந்த வீடுவே போச்சு?" என்று விரட்டினார் கிளார்க்.

"வீடுன்னு ஒண்ணு இருந்தால்லா போறதுக்கு!"

உள்ளே பேச்சி என்றொருத்தி, தண்ணீரோடு போன மாமனார் வேலாண்டி பேருக்கும் சேர்த்துப் பொட்டலம் வாங்கினாள். பிரிக்காமல் பக்கத்திலேயே வைத்திருப்பாள். சோறு ஊசிப்போகும்; மறுநாள் நாய்க்குப் போடுவாள்.

"நாய்க்குப் போடுறத எனக்குத் தாயேன், தாயி," என்றான் சங்கிலி.

"அது அவுக சோறு. கைய வச்சீருன்னா ஒடிச்சிருவேன்."

நாலாம் நாள் புதுக் கிளார்க் ஒருவர் பட்டியலோடு வந்தார். "ஆளைக் காட்டும்மா. இல்லேன்னா வேலாண்டி பேரை அடிச்சிருவேன்."

பேனா பேருக்கு மேலே வந்துவிட்டது. பேச்சி திரும்பிச் சங்கிலியைப் பார்த்தாள். கூப்பிடுகிறாளா, கும்பிடுகிறாளா, அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நாந்தான்" என்று கையைத் தூக்கிவிட்டான்.

கிளார்க் பேருக்கு நேரே டிக் போட்டுவிட்டுப் போனதும் பொட்டலத்தை அவளே பிரித்தாள்.

"கத்திரிக்காய் போட்டிருக்கான், மாமா. உங்களுக்கு ஆகாதுல்லா?"

துண்டு துண்டாகப் பொறுக்கி ஓரமாக வைத்தாள். சங்கிலிக்குக் கத்திரிக்காய் என்றால் உயிர். சொல்லலாமா கூடாதா என்று தெரியாமல், கழுவின கையோடு பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.