கியர் விழாத வேன்

“கர்ர்ர்ரக்... கிறீச்... டொக்!”

மிஷன் மருந்து வேன் மறுபடியும் நின்றுபோனது. மறுபடியும் அதே இடம். ஆட்டையாம்பட்டி தறிக்கார வீதியில், வேலுமணி வீட்டு வாசலுக்கு நேர் எதிரே.

“வந்துட்டாருடி!” என்று தறிக்கூடத்திலிருந்து எட்டிப் பார்த்தாள் குப்பாயி. “ஊருக்கெல்லாம் வழி காட்ட வந்தவருக்கு ரெண்டாவது கியர் எங்க இருக்குதுன்னு தெரியலையாமா!”

வீதியே சிரித்தது. ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடித்திருந்த பாஸ்டர் சாலமோனும் சேர்ந்து சிரித்தார். பின்சீட்டில் மருந்துப் பெட்டிகளோடு உட்கார்ந்திருந்த நர்ஸ் சரிதா மட்டும் சிரிக்கவில்லை.

“அய்யா, பனமரத்துப்பட்டி ஏரிக்கரையில அறுபது பேரு சுகர் மாத்திரைக்குக் காத்துட்டிருக்காங்க. ஒரு டிரைவரைப் போடுங்கன்னா கேக்க மாட்டேங்கறீங்க!”

“அடுத்த செவ்வாயும் நாந்தாம்மா ஓட்டுவேன்.”

“எதுக்குங்க இந்தப் பிடிவாதம்?”

“பழகணுமில்ல?”

கர்ர்ர்ரக்!

வீட்டுக்குள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான் வேலுமணி. நாமக்கல் லாரியில் பதினாலு வருஷம் வடக்கே ஓடியவன். எட்டு மாசத்துக்கு முன்னால் பைக்கில் வந்த ஒருத்தர் குறுக்கே பாய்ந்து சக்கரத்தில் விழுந்தார். பிழைக்கவில்லை. தப்பு டிரைவர் மேல் இல்லை என்று போலீஸே சொல்லிவிட்டது. வேலுமணிதான் ஒத்துக்கொள்ளவில்லை. அன்றைக்குப் படுத்தவன், சவரமும் இல்லை, பேச்சும் இல்லை. அவன் மனைவி ராசாத்தி, வீட்டிலிருந்த பூச்சி மருந்தைக் கொண்டுபோய்க் குப்பாயி வீட்டுப் பரணில் ஒளித்துவைத்திருந்தாள்.

கர்ர்ர்ரக்!

“கிளச்சை மிதிக்காம கியரைப் புடிச்சுப் பிசையறான் பாரு” என்று சுவரிடம் சொன்னான் வேலுமணி.

தறிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ராசாத்தி அப்படியே நின்றாள். எட்டு மாசத்தில் அவன் முழுசாகப் பேசியது இதுதான்.

அடுத்த செவ்வாய், ஜன்னல் திறந்தது.

“யோவ்! கிளச்சு! கிளச்சு!”

அதற்கடுத்த செவ்வாய், கதவே திறந்தது. தாடியும் லுங்கியுமாக வாசற்படியில் நின்றான்.

“ஏனுங்க, அது வண்டிங்களா, மாவாட்டற கிரைண்டருங்களா?”

“மன்னிச்சுக்கங்க தம்பி. இதுல ரெண்டாவது எந்தப் பக்கமுங்க?”

“அட கடவுளே!”

“அவருகிட்டயும் கேட்டுப் பாத்துட்டேனுங்க. சொல்ல மாட்டேங்கறாரு.”

வேலுமணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்ததே குற்றம் என்பதுபோல உடனே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

நாலாவது செவ்வாய், கதவும் திறக்கவில்லை, ஜன்னலும் திறக்கவில்லை. பாஸ்டர் கால் மணி நேரம் கியரைப் போட்டு அரைத்தார்.

ராசாத்தியே ஓடி வந்தாள். “ஏனுங்க, உங்க வேனுக்கு வேற வீதியே இல்லீங்களா? உள்ள அவரு காதைப் பொத்திட்டுப் படுத்திருக்காருங்க!”

“காது கேக்குதில்லீங்களா? அது போதுமுங்க” என்றார் பாஸ்டர். அடுத்த வாரமும் வந்தார். கதவு அசையவில்லை. அதற்கடுத்த வாரமும் வந்தார்.

கர்ர்ர்ரக்!

வேலுமணி வீதிக்கே வந்துவிட்டான். முகம் மழித்திருந்தது. டிரைவர் பக்கக் கதவைப் பிடுங்காத குறையாகத் திறந்தான்.

“எறங்குங்க கீழ! இந்த கியர் பாக்ஸோட பாவம் உங்களைச் சும்மா உடாதுங்க!”

பாஸ்டர் இறங்கி, பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டார்.

ஸ்டியரிங்கைத் தொட்ட வேலுமணி, சுட்டதுபோலக் கையை எடுத்துவிட்டு, மறுபடியும் பிடித்தான். வீதியில் ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை.

“மெதுவா ஓட்டு சாமி” என்றாள் குப்பாயி. அவள் குரல் அப்படி இறங்கி யாரும் கேட்டதில்லை.

வேன் வழுக்கிக்கொண்டு கிளம்பியது.

ஏரிக்கரைத் திருப்பத்தில் ஒரு மொபெட் விருட்டென்று குறுக்கே பாய்ந்தது. வேலுமணி பிரேக்கை அழுத்தினான். வேன் சாணளவு இடைவெளியில் நின்றது. மொபெட் அதுபாட்டுக்குப் போய்விட்டது.

வேலுமணிக்கு வேர்த்துக் கொட்டியது. இறங்கி ஓடிவிட வேண்டும் போலிருந்தது. தலையைக் குனிந்தவன் கண்ணில் பக்கத்து சீட்டு பட்டது.

பாஸ்டரின் இரண்டு கால்களும் வெறும் தரையை அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தன. இடது கால் கிளச்சுக்கு, வலது கால் பிரேக்குக்கு. இம்மி பிசகவில்லை.

வேலுமணி அந்தக் கால்களையே பார்த்தான்.

“இதுக்கு முந்தி என்ன வண்டிங்க ஓட்டுனீங்க?”

பாஸ்டர் ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். “டாரஸ் லாரிங்க.”

“என்னது?” பின்சீட்டிலிருந்து சரிதாவின் குரல்.

“எத்தனை வருஷமுங்க?” என்றான் வேலுமணி.

“பதினேழு.”

“அப்புறம் எதுக்குங்க உட்டீங்க?”

“என்ற வண்டியிலயும் ஒருத்தர் விழுந்தாருங்க. ரெண்டு வருஷம் சுவத்தையே பாத்துட்டுக் கெடந்தேன்.”

வேலுமணி முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தான். கொஞ்ச தூரம் போனபின் மெல்லக் கேட்டான்.

“உங்களை யாருங்க எழுப்புனது?”

“வயசான பாதிரியார் ஒருத்தருங்க. வாரா வாரம் எங்க ஊட்டு வாசலுக்கு வந்ததும், அவரு ஜீப்பு நின்னு போயிரும்.”